அவர் சொன்னதாக நான் சொன்னது

கல்முனைக்குடியில் என் முகத்தைவிட என் குரலைத் தெரிந்தவர்கள் அதிகமாக இருந்த ஒரு காலம் இருந்தது. ஒன்றரை வருடம் இருக்கும். மீன் வாங்கப் போய் விலை கேட்க வாயைத் திறந்தால் மீன்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "நீங்க அந்த ஷெயார் டீச்சர்தானே?" என்பார். ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு எடுக்க நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "கிழமைக்குக் கிழம உங்கட வொய்ஸத்தான் எங்கட ஊட்டுல போட்டுக் கேக்கிற" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்தவற்றுக்கு அந்தப் பிடிப்பும் ஒரு காரணம்.

நான் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிறவள். புத்தகத்தில் படித்து, பயிற்சிக் கலாசாலையில் படித்து, பரீட்சை எழுதிப் பெற்ற சிங்களம் அது. எழுத்துப்பிழை வராது. இலக்கணம் பிசகாது. ஆனால் சிங்களம் பேசுகிறவர்களுடன் ஒரு மாதம்கூட நான் வாழ்ந்ததில்லை. அம்பாறைக்குக் கல்விக் கந்தோர் அலுவலாகப் போனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

பெற்றோல் வரிசைகளும் மின்வெட்டும் ஓய்ந்த பிறகு, எங்களூரில் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே யோசனை: அதை எங்கே போடுவது? வங்கியில் போட்டால் வட்டி, அது வேண்டாம். காணி வாங்க எட்டாது. அப்போதுதான் பங்குச் சந்தை கைபேசிக்குள் வந்தது. இன்னின்ன கம்பனிகளின் பங்குகள் ஹலால் என்று ஒரு பட்டியலும் கை மாறிக்கொண்டிருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் அதற்காக ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார். ஆசிரியர்கள், வயற்காரர்கள், கடைக்காரர்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள், வீட்டில் இருக்கிற பெண்கள் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். கட்டாரில் இருக்கும் என் கணவரும் சேர்ந்தார். என்னையும் சேர்த்தார்கள்.

அந்த நாட்களில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை பின்னேரமும் கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றில் ஒருவர் பங்குகளைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு மணித்தியாலம் பேசுவார். ஐம்பது வயது மதிக்கலாம். கழுத்துப் பட்டி எப்போதும் தளர்ந்திருக்கும். தொலைபேசியில் கேள்வி கேட்பவர்களைப் பாதியில் வெட்டுவார், சிரிப்பார், ஏசுவார். "இந்தப் பங்கை ஏன் வாங்கினாய்? உன் மனைவியிடம் கேட்டிருந்தால் அவள் புத்தி சொல்லியிருப்பாளே" என்று ஒருவரிடம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சனலின் முகநூல் பக்கத்தில் பாதிப் பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள், மற்றப் பாதி கள்ளன் என்றார்கள். தான் முதலில் வாங்கிவிட்டுத்தான் மற்றவர்களை வாங்கச் சொல்கிறார் என்று எழுதினார்கள். யாரும் அதை நிரூபிக்கவில்லை. உண்மையில் ஒவ்வொருவர் கையிலும் இருந்த பங்குதான் பேசியது. தன் பங்கை அவர் புகழ்ந்தால் அவர் மேதை. திட்டினால் யாரோ ஒருவரின் கைக்கூலி.

எங்கள் குழுவில் பலருக்குச் சிங்களம் விளங்காது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"டீச்சர், அந்தாள் சொல்றத்த நீங்க தமிழ்ல ஒரு வொய்ஸ் போட்டா எல்லாருக்கும் பிரயோசனமா இரிக்கும். நன்மதானே."

அப்படித்தான் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்து, மஃரிப் தொழுதுவிட்டு, ஏழெட்டு நிமிடத்தில் தமிழில் சொல்வேன். அவர் யாரையாவது ஏசினால் அதை விட்டுவிடுவேன். கிண்டல் செய்தால் அதையும் விட்டுவிடுவேன். வீடுகளில் பிள்ளைகளும் கேட்பார்கள், மரியாதையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் தமிழில் அவர் பல்லும் நகமும் இல்லாத மனிதராக வந்தார். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது நிதானமாகப் பேசும், நல்லது சொல்லும் ஒருவர். அது பாதி என் குரல்.

என் ராத்தா எனக்கு நேர் மூத்தவள். அவள் கணவர், என் மச்சான், மௌத்தாகி ஆறு வருடம். ஒரே மகள். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் எங்களூரில் கலியாணம் இல்லை. மச்சான் விட்டுப்போன வயலை விற்று, தன் வளவிலேயே மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். சுவர் யன்னல் மட்டத்துக்கு மேல் வந்தபோது சீமெந்து விலை ஏறியது, மேசனின் கூலியும் ஏறியது. வேலையை நிறுத்திவிட்டு மிச்சக் காசை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"புள்ள, உன்ட ஆள் என்ன சொல்றான்?" என்று என்னிடம் கேட்டாள். தொலைக்காட்சிக்காரரை அவள் எப்போதும் 'உன்ட ஆள்' என்றுதான் சொல்வாள்.

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன் ராத்தா. அவர் சொல்றத்தச் சொல்றன், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் கேக்கன். எனக்கு அவன்ட பாஷ தெரியாதே. உன்னத்தான் தெரியும்."

மருந்துக்கடைக்காரரின் உதவியோடு அவளும் ஒரு கணக்குத் திறந்தாள். ஆனால் எதையும் வாங்காமல் காத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தும் வேலை இருந்தது. தாள்களை நிலத்தில் பரப்பிவைத்திருந்தேன். கைபேசியில் படம் சிக்கிச் சிக்கி வந்ததால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு குரலை மட்டும் கேட்டேன். கடதாசிப் பெட்டி செய்யும் ஒரு சிறு கம்பனியின் பங்கு இரண்டு கிழமையாக ஏறிக்கொண்டிருந்தது. குழுவில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சியில் ஒருவர் அழைத்து அதையே கேட்டார். அவர் சொன்னார்: "ஓம், ஓம், வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள். வீட்டை ஈடு வைத்தாவது வாங்குங்கள்." பக்கத்தில் இருந்த அறிவிப்பாளர் பெண் சிரித்தாள். பிறகு அவர் வேகமாக இன்னொரு வசனம் சொன்னார். ஏதோ வழக்குப் பேச்சு. கிணறு என்ற சொல்லும் கயிறு என்ற சொல்லும் கேட்டன. மற்றது எனக்கு விளங்கவில்லை. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

விளங்காததை நான் விட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சிங்களம் படிப்பிக்கிறவள் யாரிடம் போய்க் கேட்பது?

மஃரிபுக்குப் பிறகு குரல் பதிவு செய்தேன். அதை இப்போதும் என்னால் சொல்லுக்குச் சொல் சொல்ல முடியும்.

"பெட்டிக் கம்பனியப் பத்தி ஒராள் கேட்டாரு. வாங்கச் சொல்லித்தான் சொல்றாரு. ரெண்டு மூணு தரம் சொன்னாரு. ஊட்ட ஈடு வெச்செண்டாலும் வாங்குங்க எண்டு சொல்ற அளவுக்கு உறுதியாச் சொல்றாரு. ஆனா எல்லாரும் அவங்கவங்கட நிலமையப் பாத்துச் செய்ங்க."

'உறுதியா' என்ற சொல் அவருடையது அல்ல. நான் போட்டது.

அடுத்த நாள் காலையில் சந்தை திறந்ததும் எங்கள் குழுவில் பலர் வாங்கினார்கள். ராத்தாவும் வாங்கினாள், மிச்சமிருந்த முழுவதற்கும். இரண்டு நாள் விலை ஏறியது. குழுவில் பூப்படங்களும் மாஷா அல்லாஹ்களுமாக இருந்தன. "டீச்சருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக" என்று ஒருவர் எழுதினார். மூன்றாம் நாள், அந்தக் கம்பனியின் பெரிய பங்குதாரர் தன்னிடமிருந்ததையெல்லாம் விற்றுவிட்டு விலகிவிட்டார் என்ற செய்தி வந்தது. விலை விழுந்தது. விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை. நாளுக்கு நாள் இன்னும் விழுந்தது. ராத்தா காலையில் எழுந்ததும் கைபேசியை எடுத்துப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள் என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள்.

பிறகு குழு மாறியது. அதுவரை ஸலாம் சொல்லித் தொடங்கியவர்கள் ஸலாம் சொல்லாமல் தொடங்கினார்கள். அவருடைய முகத்தைக் கழுதையின் உடம்பில் ஒட்டி ஒருவர் படம் போட்டார். சனலின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு எல்லோரும் எடுத்து ஏசுங்கள் என்றார் இன்னொருவர். குரல் பதிவுகளில் பதுவா கேட்டார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே, "எங்கட வயித்துல அடிச்சவன்ட புள்ளகுட்டி வெளங்காமப் போகணும், யா அல்லாஹ்" என்று கேட்டாள். அதன் கீழே ஆமீன், ஆமீன் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவர்களைப் போல ஏமாந்தவள் என்றுதான் நினைத்தார்கள்.

எங்கள் ஆட்கள் சனலின் பக்கத்திலும் போய்த் தமிழில் எழுதினார்கள். அங்கே சிங்களத்தில் பதில்கள் வந்தன. அவற்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார்கள். முதல் பதிலில், "அவர் வாங்க வேண்டாம் என்றுதானே சொன்னார்? நீங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கவில்லையா?" என்று இருந்தது. இரண்டாவதும் அதேதான். மூன்றாவது கெட்ட வார்த்தை.

பாடசாலை விட்டு வந்து கதவைச் சாத்திவிட்டு, அந்த நிகழ்ச்சியை முதல் தடவையாகப் படத்தோடு பார்த்தேன்.

"ஓம், ஓம், வாங்குங்கள்" என்று சொல்லும்போது அவர் கண்களை அகல விரித்து, கன்னத்தில் கை வைத்து, பைத்தியக்காரனிடம் பேசுகிறவரைப் போலத் தலையாட்டினார். "வீட்டை ஈடு வைத்தாவது" என்னும்போது தன் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்து வெறும் பையைக் காட்டினார். அறிவிப்பாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு விளங்காமல் போன வசனத்தின்போது அவர் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தக் காணொளியின் கீழே ஒருவரிடம், நான் தமிழ் பேசுகிறவள், இந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் அன்பாகவே பதில் எழுதினார்: "அக்கா, குதி என்றதும் கிணற்றில் குதிக்கிறவனுக்குக் கயிறு போடவும் ஆள் வராது, அதுதான் பொருள். தொடாதீர்கள் என்கிறார்."

தகுதியில்லாதவன்மேல் கேட்கும் பதுவா கேட்டவனிடமே திரும்பி வரும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்பள்ளியில் கேட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் எத்தனை ஆமீன்கள் வந்திருந்தன என்று மேலே தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்தேன்.

ஆனாலும் நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். "பதில் என்ன எழுதியிரிக்கான் டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு, "சும்மா ஏசியிரிக்காங்க" என்றேன். அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தான். அதிலிருந்து பேச்சு வேறு பக்கம் போனது. "நமக்குச் சிங்களம் தெரியா எண்டு ஏமாத்திட்டு இப்ப ஏசவும் செய்றானுகள்" என்றார்கள். பக்கத்துத் தமிழ்க் கிராமமான பாண்டிருப்பிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஆசிரியர் ஒருவர்கூட, "உங்கட ஆக்களையும் எங்கட ஆக்களையும் அவங்கள் எப்பவும் இப்பிடித்தானே" என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மருந்துக்கடைக்காரர் தன் மனைவியுடன் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், சனலுக்கு ஒரு முறைப்பாடு அனுப்பணும். சிங்களத்துல எழுதினாத்தான் எடுப்பானுகள். உங்கள விட்டா எங்களுக்கு ஆர் இரிக்கா?"

அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இரண்டு காப்புகளும் அந்தப் பங்கில் போயிருந்தன.

எழுதினேன். மிக நல்ல சிங்களத்தில் எழுதினேன். பொதுமக்களைத் தவறாக வழிநடத்தினார் என்று எழுதினேன். கிழக்கில் இருக்கும் சாதாரண குடும்பங்கள் அவருடைய சொல்லைத் தமிழில் கேட்டு நம்பி நடுத்தெருவுக்கு வந்துவிட்டன என்று எழுதினேன். மருந்துக்கடையில் வைத்து நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதால் போட முடியாது என்று சொன்னேன். அவர்களும் அது சரி என்றார்கள்.

எங்கள் கடிதம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்மேல் வேறு முறைப்பாடுகளும் இருந்தன, அந்த நாட்களில் பலரை அவர் பகைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியின் முடிவில், இதுதான் என் கடைசி நிகழ்ச்சி என்றார். கழுத்துப் பட்டி அன்றைக்கு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. "கிழக்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே என் பேச்சை யாரோ தமிழில் சொல்லக் கேட்கிறார்களாம். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய நட்டத்துக்காக வருந்துகிறேன்" என்றார். அவ்வளவுதான். கேலி ஒன்றும் இல்லை. அந்த ஒரு பேச்சு எனக்கு முழுவதும் விளங்கியது. அதை நான் தமிழில் சொல்லவில்லை. "நிகழ்ச்சி நிண்டு போச்சு" என்று மட்டும் எழுதினேன். குழுவில் அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தது. மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பாகத் தொதல் கொடுத்தாராம். காசு யாருக்கும் திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ராத்தாவின் மகளுக்குப் பேசியிருந்த இடம் கைவிட்டுப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, அரைச் சுவரில் நின்ற வீட்டைச் சுற்றிப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கு நான் ராத்தா வீட்டுக்குப் போனேன். கட்டிய சுவருக்குள் புல் முளைத்திருந்தது. அவள் அங்கே நின்று புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் கேட்டது, விளங்காத வசனத்தை விட்டது, பிறகு தெரிந்தும் மறைத்தது, கடிதம் எழுதியது எல்லாவற்றையும்.

அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"இத எத்தின பேருக்குச் சொன்ன?"

"உங்களுக்குத்தான் ராத்தா. முதல்ல உங்களுக்கு."

"எனக்கு மட்டும் ஏன் புள்ள சொன்ன? நான் மன்னிச்சிருவன் எண்டா?"

நான் இன்னொரு பிடி புல்லைப் பிடுங்கினேன்.

"நான் உன்ன மன்னிச்சா உனக்கு லேசாப் பெய்த்திரும். அந்தாள்?" என்றாள். "அத்தின பேர் அவனுக்குப் பதுவா கேட்டமே. நானும் தொழுகப்பாயில இரிந்து கேட்டன். அவன்ட புள்ளைகளுக்குக் கேட்டன். அத என்ன செய்யப் போறாய்? வாயால சொன்னத்த வாயாலயே போய்ச் சொல்லு."

வீட்டுக்கு வந்து பதிவு செய்தேன். நான்கு நிமிடம். மூன்று தடவை அழித்துவிட்டு நான்காவது தடவை அனுப்பினேன். ஒவ்வொரு பேராகக் கேட்டுக்கொண்டிருப்பது கைபேசியில் தெரிந்தது. என்னைக் கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

முதலில் எழுதியவர் கேட்டார்: "டீச்சருக்கு எவ்வளவு குடுத்தானாம்?"

அதன் பிறகு எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சனல்காரன் ஆள் விட்டு டீச்சரைப் பிடித்துவிட்டான். வழக்கு வரும் என்று பயமுறுத்தியிருக்கிறான். உத்தியோகத்தில் கை வைப்பேன் என்று சொல்லியிருப்பான். நான் காணொளியை அனுப்பினேன். அவர் பைகளை வெளியே இழுக்கும் இடத்தைப் பாருங்கள் என்று எழுதினேன். அது பிறகு செய்த படம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் குரல் பதிவில் வந்தார். கோபமில்லை, கவலைதான் அவர் குரலில் இருந்தது.

"டீச்சர், உங்கள நாங்க நம்பினம். நீங்க ஏன் இப்ப அவனுக்காகக் கதைக்கிறீங்க எண்டு விளங்குதில்ல. பயப்பிடாதீங்க. கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க."

பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். உண்மையைச் சொன்னால் ஏசுவார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தேன். நம்பவே மாட்டார்கள் என்று நினைக்கவில்லை. நான் பிழையாகச் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியவர்கள் அவர்கள்.

கணவர் கட்டாரிலிருந்து தொலைபேசி எடுத்தார். "ராத்தாட்ட சொன்னாக் காணாதா? என்னத்துக்குக் குறூப்புல போட்ட? இங்க ரூம்ல இரிக்கிறவனெல்லாம் என்னப் பாக்கான்" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

தொலைக்காட்சிக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதி, சனலின் முகவரிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பதில் இல்லை. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது. அவர் இப்போது எந்தச் சனலிலும் வருவதில்லை.

என் குரல் பதிவைக் கேட்டீர்களா என்று ராத்தாவிடம் கேட்டேன். கேட்டேன் என்றாள். அவர்கள் நம்பவில்லை என்றேன். "நம்புறது அவங்கட வேல" என்றாள். அவளுடைய பங்குகள் இன்னும் அவள் கணக்கில்தான் கிடக்கின்றன. அவள் விற்கவும் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுடைய மகள் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எந்தப் பெண்பிள்ளையும் அப்படி வேலைக்குப் போனதில்லை. காலை பஸ். மூன்று பேருமாகப் பஸ் நிலையத்துக்குப் போனோம். பிள்ளை ஏறி யன்னல் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கும் உம்மாவுக்கும் கை காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் போனாள். பஸ் திரும்பும் வரைக்கும் ராத்தா கையை இறக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கே நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டாள். நானும் ஏறப் போனேன்.

"நீ ஸ்கூலுக்குப் போகணுமே. நேரமாகுது, போ" என்றாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அது அவளுக்கும் தெரியும். நான் சரி என்று சொல்லிவிட்டு, ஆட்டோ போகும் வரைக்கும் நின்று, வீட்டுக்கு நடந்து வந்தேன்.